வழிமொழிய ஆளில்லை

பூவரசங்கலட்டியில் ஒருவர் செத்துப்போனால், அழுகைச் சத்தத்துக்கு அடுத்ததாகக் கேட்பது என் கணவரின் சைக்கிள் மணிதான். அவர் பெயர் தம்பிஐயா. நாற்பது வருடம் அவரை "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டே பழகியவளுக்கு இப்படிப் பெயரைச் சொல்லி எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் முடியாது.

அச்சுவேலிச் சந்தைக்கு வடக்கே போகும் ஒழுங்கைகளில் அவர் மணியை விட்டுவிட்டு அடித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் ஒரு காலை ஊன்றி நின்று, செத்தவரின் பெயரைச் சொல்வார், சவம் எடுக்கும் நேரத்தைச் சொல்வார், கடைசியில் "கட்டை" என்று ஒரு சொல் சொல்வார். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு கட்டை விறகு. வசதியுள்ளவன் மாங்குற்றி கொண்டுவருவான், இல்லாதவன் தென்னங்குற்றி கொண்டுவருவான். கொண்டுவந்ததை ஒருவரும் திருப்பிக் கொண்டுபோக மாட்டார்கள். சாவுக்கென்று படலை தாண்டிய விறகு அடுப்புக்கு ஆகாது.

அதுதான் எங்கள் மரண சகாய சங்கம். என் மனிதர் அதன் செயலாளர். பெரிய வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே கலப்பு விறகில் வேகிற இடம் எங்கள் சுடலை என்று அவர் பெருமையாகச் சொல்வார். அந்தச் சமத்துவமும் ஒரு சாதிக்குள்தான் என்று நான் ஒருநாள் சொல்லப்போக, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறிய மனிதர். முறை என்றால் உயிர். கூட்டத்துக்குப் பிளேன்டீயா பால்தேத்தண்ணியா என்பதைக்கூட ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் அந்தப் பிரேரணை விழுந்துபோகும். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கக்கூடாது. என்னையும் யாரோ வழிமொழிந்துதான் கட்டியிருப்பார் என்று நான் பெண்டுகளிடம் பகிடி விடுவேன்.

தலைவர் இராசநாயகம், இளைப்பாறிய தபாலதிபர். நல்ல மனிதர், பயந்த மனிதர். "அரசாங்கம் மாறும், ஆமி மாறும், சங்கம் மாறாது" என்று ஆண்டுக் கூட்டத்தில் தவறாமல் பேசுவார். அந்தப் பேச்சு சில வருடங்களுக்கு உண்மையாகத்தான் இருந்தது. இலங்கை ஆமி ஊருக்குள் ஓடித்திரிந்த காலத்தில் பறை இல்லாமல் சவம் எடுத்தோம், ஆனால் எடுத்தோம். எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமி வந்து ஊரடங்குச் சட்டம் போட்டபோதும் எடுத்தோம்.

அந்த ஊரடங்கில்தான் குணலட்சுமியின் புருஷன் தம்பிராசா செத்தான். வெங்காயத் தோட்டத்தில் ஷெல் விழுந்தது. ஒழுங்கையில் தலை தெரிந்தால் சுடுகிற நேரம், சைக்கிளாவது மணியாவது. ஆனாலும் செய்தி வேலிகளில் ஆள் நுழையும் பொட்டுகளால் போனது. விறகும் வேலிப் பொட்டுகளால் வந்தது. ஒரு வீட்டு வளவில் இருந்து அடுத்த வளவுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று கை மாறிக் கை மாறி, மத்தியானத்துக்குள் குணலட்சுமியின் பின்வளவில் ஒரு சிதைக்குப் போதுமான விறகு சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த மகன் வாகீசன் கொள்ளி வைத்தான். புகையைக் கண்டு ஆமி வரப்போகிறது என்று எல்லாரும் நடுங்கினார்கள். நடுங்கினார்களே தவிர ஒருவரும் வீட்டுக்கு ஓடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை வைத்து எங்கள் ஊர்ச்சனத்தைக் கோழைகள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சங்கத்தில் குடும்பத் தலைவன்தான் அங்கத்தவன். பெண்கள் விறகு கொடுக்கலாம், சந்தா கொடுக்கலாம், செத்தும் போகலாம், அங்கத்தவராக முடியாது. தம்பிராசா போன பிறகு, மகனுக்குப் பதினெட்டு வயதாகும் வரை, செத்த தம்பிராசாவே அந்த வீட்டுக்கு அங்கத்தவராக இருந்தார். இந்தக் கூத்தை நான் கேட்டபோது, "சங்க யாப்பிலை, விதியிலை அப்பிடித்தான் கிடக்கு" என்றார் என் மனிதர். தொண்ணூறாம் ஆண்டு வாகீசனின் பெயரைச் சேர்த்தார்கள். புதுச் சேட்டும் வேட்டியுமாக அவன் கூட்டத்தில் எழும்பி நின்று வணக்கம் சொன்னான். குணலட்சுமி வேலிக்கு வெளியே என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"தேப்பனைப் போலவே நிக்கிறான், என்ன நல்லம்மாக்கா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. மூக்கு மட்டும் உன்ரை" என்றேன்.

அந்த வருடமே சண்டை திரும்பத் தொடங்கியது. மாரி முடிவதற்குள் வாகீசன் இயக்கத்துக்குப் போய்விட்டான். குணலட்சுமி முகாம் முகாமாகத் தேடித் திரிந்து, ஒருதரம் மட்டும் அவனைக் கண்டு கதைத்துவிட்டு வந்தாள். அவன் மெலிந்துவிட்டான் என்று ஒரு கிழமை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம், ஆனையிறவுச் சண்டை நடந்த ஆடி மாதத்தில் ஊர் ஊராகச் சவப்பெட்டிகள் வந்தன. ஒரு காலைநேரம் சைக்கிளில் இரண்டு இயக்கப் பிள்ளைகள் குணலட்சுமியின் படலையில் வந்து இறங்கினார்கள். அவள் கத்திய சத்தம் நாலு வளவு தள்ளி எனக்குக் கேட்டது. என் மனிதர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிச் சைக்கிளை எடுத்தார்.

அப்போது பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லாமல் ஊர் முழுக்க விறகில்தான் சமைத்தது. ஒரு சுள்ளி கிடந்தாலும் பொறுக்கிக்கொள்வோம். அப்படியிருந்தும் வீட்டுக்கு ஒரு கட்டை வந்தது. ஏழைக் கிழவி சின்னாச்சியிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டுக்கொட்டிலைத் தாங்கிய கப்பு ஒன்றைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னர் இயக்கத்தில் இருந்து செத்த பிள்ளைகளை அவரவர் ஊர்ச் சுடலையில்தான் எரித்தார்கள். எங்கள் விறகிலும் இரண்டொருவர் வெந்திருக்கிறார்கள். ஆகவே ஒருவரும் வேறு விதமாக யோசிக்கவில்லை. படலைக்குப் பக்கத்தில் விறகு அம்பாரமாக ஏறியது. சங்கத்து நடராசாவும் வேறு நாலைந்து பேரும் பாடை கட்டத் தொடங்கினார்கள்.

மத்தியானம் பெட்டி வந்தது. மூடியைத் திறந்து முகம் பார்க்க விட்டார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. குணலட்சுமி அவன் தலைமயிரை விரலால் கோதிக் கோதி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் போல வகிடு எடுத்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை.

அப்போதுதான் அந்தப் பகுதிப் பொறுப்பாளர் முற்றத்துக்கு வந்தார். பொறுப்பாளர் என்று பெயர்தான். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கண்கள் உள்ளே போய்க் கிடந்தன. அன்றைக்கு எத்தனை வீட்டுப் படலையைத் திறந்துவிட்டு வந்தாரோ.

"அம்மா, ஐயாமார், ஒரு விஷயம் சொல்லவேணும்" என்றார். "இனிமேல் எங்கடை போராளியளை எரிக்கிறேல்லை. கோப்பாயிலை இடம் எடுத்திருக்கிறம். அங்கைதான் அடக்கம் செய்யிறது."

குணலட்சுமி தலையை நிமிர்த்தினாள். "தாக்கிறதோ? என்ரை பிள்ளையை மண்ணுக்குள்ளை புதைக்கிறதோ? பால்குடியளைத்தானே தம்பி எங்கடை ஆக்கள் தாக்கிறவை. இவன் வளந்த பிள்ளையல்லோ. காடாத்துக்கு நான் எங்கை போறது? எந்த எலும்பைப் பொறுக்கி எந்தக் கடல்லை கரைக்கிறது?"

"எல்லாரும் ஒரே இடத்திலை இருப்பினம் அம்மா. நீங்கள் எப்பவும் போய்ப் பாக்கலாம். எரிச்சால் ஒண்டும் மிஞ்சாது." அவர் குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் அது கேள்வி அல்ல, முடிவு என்று எல்லாருக்கும் விளங்கியது.

அவள் எழும்பி நின்றாள். முற்றத்தில் நின்ற ஆம்பிளைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என் மனிதரிடம் கேட்டாள்: "தம்பிஐயா அண்ணை, சங்கம் என்ன சொல்லுது?"

அந்த இடத்தில் அவர் "தூக்குங்கோடா" என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நான் பார்த்தேன், நடராசாவின் கை பாடைத் தடியில் இருந்தது. தூக்கச் சொல்லியிருந்தால் எல்லாரும் ஒன்றாகக் குனிந்து தூக்கியிருப்பார்கள். யார் முதலில் தோள் கொடுத்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை பேரும் தூக்கிக்கொண்டு நடந்தால், அந்தப் பொடியனும் ஒன்றும் செய்திருக்க மாட்டான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எண்பத்தேழில் வேலிப் பொட்டுக்குள்ளால் விறகு கொடுக்க ஒருவரும் கூட்டம் வைக்கவில்லையே.

ஆனால் என் மனிதர் தொண்டையைச் செருமினார். சால்வையை இடுப்பில் கட்டினார். "தலைவர் அவர்களே" என்று தொடங்கினார். "அங்கத்தவர் எல்லாரும் இஞ்சை நிக்கினம். இதை அவசரப் பொதுக்கூட்டமாய் எடுப்பம். அங்கத்தவர் வாகீசனை எங்கடை சுடலையிலை, எங்கடை முறைப்படி எரிக்கவேணும் எண்டு நான் முன்மொழியிறன். ஆர் வழிமொழியிறது?"

அவருக்குப் பயம் இல்லை. அதை நான் கோயிலில் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒரு ஆள் சொன்னால் தட்டிவிடலாம், ஒரு சங்கம் தீர்மானம் போட்டுச் சொன்னால் எந்த இயக்கமும் மதித்தே ஆகவேண்டும் என்று மனிதர் முழுமையாக நம்பினார். பேயன்! தோள் கொடுக்கப் பெயர் வேண்டியதில்லை, வழிமொழிவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பொறுப்பாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் மிரட்டவில்லை, பார்த்தது மட்டும்தான். நடராசாவுக்கு மகனைக் கொழும்புக்கு அனுப்ப இயக்கத்தின் பாஸ் வேண்டியிருந்தது. இன்னொருவரின் மருமகனை விசாரணைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது. நடராசா தடியில் இருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்தான்.

"ஆர் வழிமொழியிறது?" என்று இவர் திரும்பவும் கேட்டார்.

"நான் வழிமொழியிறன்" என்றாள் குணலட்சுமி.

இராசநாயகம் அவளுக்குக் கிட்டப் போனார். பாவம், அவர் கண்ணிலும் தண்ணீர்தான். "தங்கச்சி, நீங்கள் அங்கத்தவர் இல்லையம்மா" என்றார்.

"அப்ப எங்கடை வீட்டுக்கு ஆர் அங்கத்தவர்?"

கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். போய்ப் பக்கத்தில் இருந்து, அவன் நெஞ்சில் கை வைத்து மெதுவாகத் தட்டினாள். பள்ளிக்கூட நாட்களில் விடிய எழுப்புவதற்குத் தட்டுவது போலத்தான்.

"எழும்பு ராசா" என்றாள். "எழும்பி ஒருக்கால் வழிமொழியடா. அம்மா கேக்கிறன். எழும்பு."

பெண்டுகள் எல்லாரும் ஓவென்று குழறினோம். நானும் ஒரு பெண். என்னுடைய வாயும் அந்த யாப்பில் இல்லை.

இராசநாயகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிரேரணை விழுகுது" என்றார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். முறை என்று வந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. பெட்டியை மூடி வாகனத்தில் ஏற்றினார்கள். அவள் வாகனத்தின் பின்னால் சந்தி வரைக்கும் ஓடினாள். அங்கே யாரோ பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த மனிதர் சேட்டைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தார். சோறு போட்டுக் கொடுத்தேன், பிசைந்துவிட்டு வைத்துவிட்டார்.

"நான் முறைப்படிதானே செய்தனான், நல்லம்மா?"

"ஓம். முறைப்படிதான் செய்தனீங்கள்" என்றேன்.

குணலட்சுமியின் படலையில் குவிந்த விறகு அங்கேயே கிடந்தது. அடுப்புக்கு ஈர மட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்த காலத்திலும், அதில் ஒரு சிராயைக்கூட ஒருவரும் தொடவில்லை. மாரியில் நனைந்து, கறையான் பிடித்து, மண்ணோடு மண்ணாகப் போனது. அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பாய்க்குப் போய்வந்தாள். செவ்வரத்தம்பூ கொண்டுபோவாள். வரும்போது என் படலையில் நின்று, பக்கத்தில் இன்னொரு வரிசை வந்துவிட்டது என்றோ, புல்லுப் பிடுங்கினேன் என்றோ ஒரு கதை சொல்லிவிட்டுப் போவாள்.

என் மனிதர் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் யாப்பைத் திருத்தினார். குடும்பத் தலைவி என்றாலும் அங்கத்தவராகலாம். அதை வழிமொழிய நான் நீ என்று எழும்பினார்களாம். அதைச் சொல்லுவதற்கு இவர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நாட்டின் முதல் பெண் மந்திரியை நியமிக்கப் போகிறவர் போல ஒரு நடை.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கென்னத்துக்கு அண்ணை? என்னை எரிக்கவோ?" என்றாள்.

இவர் சால்வையை அவிழ்த்து மடியில் வைத்தார்.

"என்னை எரிச்சுப் போடாதேங்கோ" என்றாள் அவள். கோபமே இல்லை. மனதுக்குள் பல நாள் கதைத்துப் பார்த்ததை வெளியில் எடுத்து வைத்தாள். "எரிச்சால் சாம்பலாய்க் கடலுக்குப் போயிடுவன். அவன் மண்ணுக்குள்ளை தனியக் கிடக்கிறான். அவையள் என்னை அதுக்குள்ளை விடமாட்டினம், எனக்குத் தெரியும். இஞ்சை எங்கையெண்டாலும் ஒரு மூலையிலை தாட்டு விடுங்கோ. மண்ணுக்குள்ளை எண்டால் காணும். மண் எல்லாம் ஒண்டுதானே அண்ணை, நான் மெல்ல மெல்லப் போய்ச் சேருவன்."

தலைவரைக் கேட்காமல், கமிட்டியைக் கூட்டாமல், என் மனிதர் வாழ்க்கையில் முதல்தரமாக உடனே வாக்குக் கொடுத்தார். "ஓம் தங்கச்சி" என்றார்.

தொண்ணூற்று மூன்று மாரியில் அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை; மருந்தும் தடைப் பொருள். ஒரு செவ்வாய்க்கிழமை விடிய அவள் போய்விட்டாள். இவர் சைக்கிளை எடுத்தார், மணியை அடித்தார், பெயரையும் நேரத்தையும் சொன்னார். "கட்டை" என்று மட்டும் சொல்லவில்லை. நானும் கூடவே நடந்து, அவள் ஆசை என்ன என்று படலைக்குப் படலை பெண்டுகளிடம் சொன்னேன்.

ஆனாலும் விறகு வந்தது. அப்படி ஒரு விறகை அந்த ஊர் கண்டதில்லை. இராசநாயகம் வண்டிலில் அனுப்பினார். நடராசா காய்த்துக்கொண்டிருந்த தன் கறுத்தக்கொழும்பு மாமரத்தையே தறித்துவிட்டான். இவர் முற்றத்தின் நடுவில் நின்று கையை விரித்துத் தடுத்தார்.

"அவ எரிக்க வேண்டாம் எண்டவ. நான் வாக்குக் குடுத்தனான்."

அளவெட்டியில் இருந்து வந்திருந்த அவளுடைய தமையன் சண்முகநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க்கதை கதையாதேங்கோ. என்ரை தங்கச்சியை அநாதையைப் போலத் தாக்கிறதோ?"

"துக்கத்திலை சொன்ன கதையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாமோ, தம்பிஐயா?" என்றார் இராசநாயகம்.

நடராசா இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை அண்ணை. ஒரு நாள் நித்திரை கொண்டிருப்பனோ? இண்டைக்காவது அவவுக்கு ஒழுங்காய்ச் செய்ய விடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அவ கேட்டது இதில்லையடா!" என்று இவர் கத்தினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஒருவரும் கேட்கவில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல, அன்பில்தான் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. கோபக்காரனைத் திட்டலாம், அழுகிறவனை என்ன செய்வது? அவர்கள் கூட்டம் வைக்கவில்லை, ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. எல்லாரும் ஒன்றாகக் குனிந்து தூக்கினார்கள். பறை முழங்க, வெடி கொளுத்தி, வழி நெடுக வெள்ளை விரித்துக் கொண்டுபோனார்கள். ஊரில் அப்படி ஒரு செத்தவீடு நடந்ததில்லை என்று பிறகு பல நாள் பேசினார்கள்.

இவர் சுடலைக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துப் படலைக்கு வெளியே நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்னால் ஏறினேன். அந்த வயதில் என்னையும் ஏற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிராக மூச்சு வாங்க வாங்க மிதித்தார். கோப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் காவல் நின்ற இயக்கப் பிள்ளை எங்களை மறிக்கவில்லை.

வரிசை வரிசையாகக் கல்லறைகள். அவள் சொல்லிச் சொல்லி எனக்கு இடம் பாடமாகியிருந்ததால் நேரே கூட்டிக்கொண்டு போனேன். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி அவள் வைத்த செவ்வரத்தம்பூ காய்ந்து ஒட்டிக் கிடந்தது. இவர் செருப்பைக் கழற்றினார். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு ஒரு தகப்பனிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்த பள்ளிக்கூடப் பிள்ளை போல, அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.

"தம்பி வாகீசன்" என்றார். "கொம்மா வருவா எண்டு பாத்துக்கொண்டு கிடவாதை, ராசா. அவ வரமாட்டா. நாங்கள் எரிச்சுப் போட்டம்."